பசை கலக்காத சுண்ணாம்பு

பெங்களூர்,
8.1.2006

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

தங்கப்பாண்டி வணக்கத்துடன் எழுதுவது. ரோகிணியும் பிள்ளைகளும் சுகம். அக்காவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? போனில் பேசலாம் என்றால், உங்கள் தங்கை அண்ணனிடம் நலம் விசாரித்து முடிப்பதற்குள் கார்டு தீர்ந்துவிடுகிறது. எனக்கு ஒரு வார்த்தைகூட மிஞ்சுவதில்லை. அதனால்தான் பழையபடி இன்லாண்டு கவர்.

ஒரு உதவி வேண்டும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் சுவர் ஏறும் ரோபோ ஒன்று செய்துவருகிறோம் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். அதற்குப் பெயரே ‘பல்லி’தான். முழங்கை நீளம், நான்கு கால், வயிற்றில் ஒரு சின்னக் கேமரா. தண்ணீர்த் தொட்டியிலும் பாலத்திலும் விரிசல் பார்க்க ஆட்கள் கயிறு கட்டித் தொங்குகிறார்களே, அந்த வேலையை இது செய்ய வேண்டும். பல்லியின் விரலில் பசை கிடையாது; உறிஞ்சும் கிண்ணமும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான மயிர்கள் சுவரை மிக நெருங்கித் தொடுகின்றன, அவ்வளவுதான். அந்த நெருக்கமே பிடித்துக்கொள்கிறது. அதுபோல ரப்பரில் மயிர் வார்த்துப் பாதம் செய்கிறோம். செய்வது வசுந்தரா என்கிற பெண். நம் மதுரை செல்லூர்க்காரி, நெசவு செய்யும் சௌராஷ்டிரக் குடும்பம். அறுந்த இழையைப் பார்த்துப் பார்த்து முடிச்சுப் போட்ட கை. அந்த நிதானம் எங்களில் வேறு யாருக்கும் இல்லை.

கண்ணாடியிலும் எங்கள் கட்டடச் சுவரிலும் பல்லி ஏறிவிட்டது. இனி வெயிலும் காற்றும் உள்ள ஊரில் நிஜமான தொட்டியில் ஏற்றிக் காட்டுங்கள் என்று பணம் கொடுக்கும் டெல்லிக் குழு சொல்கிறது. ஏறினால் இன்னும் மூன்று வருஷம் வேலை நடக்கும். தற்காலிகமாக இருக்கும் வசுந்தராவும் நிரந்தரமாவாள். உங்கள் ஊர்த் தொட்டி கிடைக்குமா?

அக்காவுக்கு என் வணக்கம்.
தங்கப்பாண்டி


பேரையூர்,
18.1.2006

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உக்கிரபாண்டி எழுதிக்கொண்டது. ஒச்சம்மாளின் முழங்கால் பொங்கல் மூன்று நாளும் நன்றாக இருந்து, பாத்திரம் கழுவும் நாளில் மறுபடி வலிக்கத் தொடங்கிவிட்டது. மற்றபடி சுகம். மருமக்களுக்கு முத்தம்.

உங்கள் கடிதம் என்னை ஒரு நாள் முழுவதும் உட்கார வைத்துவிட்டது. முப்பது வருஷம் ஆறாம் வகுப்பில், பல்லியின் காலில் காற்றை உறிஞ்சும் கிண்ணம் இருக்கிறது என்று பாடம் நடத்தியவன் நான். பாட்டில் மூடியில் காற்றை உறிஞ்சிக் கன்னத்தில் ஒட்டவைத்தும் காட்டுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், மறக்க மாட்டார்கள். இப்போது கிண்ணமே இல்லை என்கிறீர்கள். ஆயிரத்தைந்நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். யாரைத் தேடிப் போய்த் திருத்துவது?

நீங்கள் எழுதியதை இப்படிப் புரிந்துகொண்டேன்: கண்ணாடிக் கடையில் இரண்டு தகடுகளுக்கு நடுவே தாள் வைத்து அடுக்குவார்கள். தாள் இல்லாவிட்டால் தகடுகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பிரிய மறுக்கும். அந்த மாதிரிதானே? சரியென்றால் சொல்லுங்கள், தப்பென்றால் மச்சானென்று பார்க்காமல் திட்டுங்கள்.

தொட்டிக்குப் பஞ்சாயத்துத் தலைவர் பேயாண்டி சம்மதித்துவிட்டார். “வாத்தியாரே, ரோபோ ஏறுறது இருக்கட்டும், தொட்டியில தண்ணி ஏற ஒரு வழி கேட்டுச் சொல்லுங்க” என்றார். தண்ணீர் திறந்துவிடும் சின்னக்கருப்பன் கூடமாட இருப்பான். தொட்டியைத் தாங்கும் தூணின் மேல்பூச்சில் பெயர்ந்த ஒரு துண்டை மாதிரிக்காகத் தனிப் பொட்டலமாக அனுப்புகிறேன்.

உங்கள் மச்சான்,
உக்கிரபாண்டி


பெங்களூர்,
2.2.2006

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

இங்கே குளிர் விட்டுவிட்டது, எல்லாரும் சுகம். கண்ணாடிக் கடை உதாரணம் அருமை. டெல்லிக்காரர்களிடம் அதையே சொல்லப்போகிறேன், உங்கள் பெயர் சொல்லாமல்.

பிப்ரவரி 25, சனிக்கிழமை காலை வருகிறோம். நீங்கள் அனுப்பிய பூச்சுத் துண்டில் வசுந்தரா இரண்டு நாள் பாதத்தை ஒட்டியும் பிரித்தும் பார்த்தாள். நன்றாகப் பிடிக்கிறது. அச்சிலிருந்து பாதத்தை எடுக்க ஒரு வெள்ளைப் பவுடர் தூவுவாள். பிறகு மூன்று தண்ணீரில் அலசுவாள். இந்தப் பாதத்துக்குத் தூள்தான் சத்துரு. மாவு படிந்த கையில் பொட்டு ஒட்டுமா, அதுபோல.

ஆகையால் ஒரே வேண்டுகோள். தூணை எப்படி இருக்கிறதோ அப்படியே விட்டுவிடுங்கள். கழுவ வேண்டாம், அலங்காரம் வேண்டாம். தோரணம் கட்டினால் பல்லி தோரணத்தில் தொங்கும். தூசியை நாங்களே வந்து துடைத்துக்கொள்வோம்.

அக்காவிடம் சொல்லுங்கள், வெளியூர்க்காரர்கள் ஆறு பேர், காரம் குறைவாக.

தங்கப்பாண்டி


பேரையூர்,
28.2.2006

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? சாப்பிடாமல் போனதில் ஒச்சம்மாளுக்கு மனசே ஆறவில்லை. ஆக்கிய சோற்றை ஊர்ப் பிள்ளைகளுக்குப் போட்டோம்.

நடந்ததை நினைத்துக் கலங்க வேண்டாம். பன்னிரண்டு அடி ஏறியதை ஊரே பார்த்தது. அதுவரை எவ்வளவு அழகாக ஒரு காலை எடுத்து, ஒரு காலை வைத்து ஏறியது. பிறகு முன்கால் இரண்டும் வழுக்கி, பின்கால்களும் விட்டு, கீழே சிமெண்டில் விழுந்தது. அந்தப் பெண் ஓடிப்போய் உடைந்த கால்களைத் துண்டில் பொறுக்கியதுதான் கண்ணிலேயே நிற்கிறது.

எனக்கென்னவோ காற்றுதான் காரணம் என்று படுகிறது. பத்து மணிக்கு மேல் எங்கள் பக்கம் சுழன்று அடிக்கும். வெயிலில் ரப்பர் இளகியும் இருக்கலாம். காரணம் ஆயிரம் இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உக்கிரபாண்டி


பெங்களூர்,
20.3.2006

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

பிள்ளைகளுக்குப் பரீட்சை. ரோகிணிக்கு லேசான சளி, வேறொன்றுமில்லை.

உடைந்த பாதங்களைப் பெரிய மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். மயிர்களின் நுனியெல்லாம் வெள்ளைத் தூள். அச்சுக்குத் தூவும் பவுடரை வசுந்தரா சரியாகக் கழுவாமல் விட்டிருக்கிறாள் என்பது குழுவின் முடிவு. கழுவினேன் என்கிறாள் அவள். மூன்று தண்ணீரில் கழுவினேன் என்று ஒரே பதில். சாட்சி யாரும் இல்லை.

அறிக்கையில் நான் ஏப்ரல் 5 அன்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அவள் வேலை போகும். அன்றைக்கு முதலிலிருந்து தூண் அருகிலேயே நின்றவர் நீங்கள். உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள் மச்சான். எதுவானாலும்.

தங்கப்பாண்டி


(எழுதி, தபாலில் சேர்க்காத கடிதம்)

பேரையூர்,
26.3.2006

மாப்பிள்ளை,

அது அச்சுப் பவுடர் இல்லை. சுண்ணாம்பு.

நீங்கள் வருவதற்கு முந்தின நாள் மாலை தூணுக்கு வெள்ளையடித்தேன். அடிக்கச் சொன்னது நான், அடித்தவன் சின்னக்கருப்பன். காரணத்தை எழுதக் கை கூசுகிறது. பள்ளிக்கூடத்தில் எனக்குப் ‘பல்லி வாத்தியார்’ என்று பட்டப்பெயர். கரும்பலகையை ஒட்டிக்கொண்டே நகர்ந்து நகர்ந்து எழுதுவேனாம். நான் ஓய்வுபெற்ற அன்று எந்தப் பயலோ ஏணி வைத்து ஏறி, ‘பல்லி வாத்தியாருக்கு வாலு அறுந்துபோச்சு’ என்று தூணில் கறுப்புப் பெயிண்டால் எழுதிவிட்டான். மூன்று வருஷமாக இருக்கிறது. ஊருக்குப் பழகிவிட்டது, எனக்கும் பழகிவிட்டது. ஆனால் டெல்லிக்காரர்கள் ‘இது என்ன எழுத்து’ என்று கேட்டு, அதை நீங்கள் வாசித்து அர்த்தம் சொல்வதை நினைத்துப் பார்த்தேன்.

“எழுத்த மட்டும் அழிக்கவா சார், தூண் பூராவும் அடிக்கவா?” என்று சின்னக்கருப்பன் கேட்டான்.

“பூராவும் அடி. ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கப்பிடாது.”

“பசை வாங்கியாரல சார். கலக்காம அடிச்சா கையில ஒட்டும்.”

“ஒரு நாளைக்குத்தானே. யாரு தொடப்போறா?”

யார் தொடப்போகிறார்கள் என்று நான் கேட்டேன், மாப்பிள்ளை. பல்லியைத் தொடவைக்கத்தானே நீங்கள் வந்தீர்கள். அடுத்த நாள் அது வழுக்கிய இடம், அந்தப் பெயிண்ட் எழுத்து இருந்த இடம்தான். பெயிண்ட் மேல் சுண்ணாம்பு பிடிக்காது, தூளாகவே நிற்கும். சாக்பீஸ் பிடித்த கையால் கண்ணாடிக் குவளையை எடுக்காதே, நழுவும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான். நீங்கள் தூளைப் பற்றி எழுதிய கடிதமும் சட்டைப்பையில் இருந்தது.


பேரையூர்,
26.3.2006

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ரோகிணிக்குச் சுக்கும் மிளகும் தட்டிக் கஷாயம் கொடுக்கச் சொல்லுங்கள்.

யோசித்துப் பார்த்ததில் எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது. அந்தப் பெண் நல்ல பெண்ணாகத் தெரிந்தாள். முடிந்தால் கடுமையாக எழுதாதீர்கள்.

உக்கிரபாண்டி


பெங்களூர்,
12.6.2006

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

இரண்டரை மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை, நானும் எழுதவில்லை. அக்காவும் நீங்களும் சௌக்கியம் என்று ரோகிணி சொல்லித்தான் தெரியும்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். வசுந்தரா ஏப்ரல் கடைசியில் செல்லூருக்குப் போய்விட்டாள். மதுரையில் செயற்கைக் கால் செய்யும் பட்டறை ஒன்றில், ரப்பர் பாதம் வார்க்க அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார்களாம். ஜூலை 10க்குள் அனுபவச் சான்றிதழ் கேட்கிறார்கள். ‘கவனக்குறைவு’ என்ற சொல் இல்லாமல் சான்றிதழ் தர எங்கள் அலுவலகம் மறுக்கிறது. அந்தச் சொல் அறிக்கையில் இருக்கிறது, அறிக்கையின் கீழே நான் இருக்கிறேன்.

நூலிழை எண்ணும் பூதக்கண்ணாடி ஒன்றை அவள் இங்கே விட்டுப் போயிருக்கிறாள். அவள் அப்பாவுடையதாம். தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. ஊருக்கு வரும் பங்காளியிடம் கொடுத்துவிடுகிறேன். உங்களுக்குப் பஸ் ஏறினால் மதுரை. ஒரு நடை போய்க் கொடுத்துவிட்டு, எப்படி இருக்கிறாள் என்று பார்த்து எழுதுங்கள்.

தங்கப்பாண்டி


பேரையூர்,
14.8.2006

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஒச்சம்மாள் சுகம். என் சுகத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பூதக்கண்ணாடி ஜூன் 20ஆம் தேதியே என் கைக்கு வந்துவிட்டது. நான் செல்லூர் போனது நேற்று. நடுவில் எனக்குக் காய்ச்சல் இல்லை, வீட்டில் விசேஷம் இல்லை, பஸ் ஓடாத நாளும் இல்லை. அலமாரியில் வைத்துத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சந்துக்குள் சந்து. இரண்டு பக்கமும் விசைத்தறிச் சத்தம்; வழி கேட்டால் பதில் சொல்கிறவர் வாய் அசைவது மட்டும்தான் தெரிகிறது. அவள் அப்பா ஜனகராஜ் வாசலில் நின்று, “வாங்க சார், வாங்க. உங்க ஊர்ல போயி எம்பொண்ணு இப்படிப் பண்ணிட்டாளே” என்றார். உள்ளே அவர்கள் பாஷையில் ஏதோ சொல்ல, அவள் வந்தாள். மெலிந்திருக்கிறாள். கண்ணாடியை வாங்கித் துணியால் துடைத்துவிட்டு, காப்பி கொடுத்தாள். பிறகு சொன்னாள்:

“சார், என் தப்புதான். உங்க ஊர்க்காரங்க முன்னாடி உங்களைத் தலைகுனிய வச்சிட்டேன். மன்னிச்சிருங்க.”

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள், மாப்பிள்ளை. நான் என்ன செய்தேன் தெரியுமா? “பரவாயில்லம்மா” என்றேன். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததை என் காது கேட்டது. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் மூன்று வண்டிகளை விட்டேன். நான்காவதில் ஏறி வீடு வந்தேன். இன்று இதை எழுதுகிறேன். இதனுடன் மார்ச் 26 தேதியிட்ட இன்னொரு கடிதம் இருக்கிறது. அதைத்தான் அன்றைக்கு நான் அனுப்பியிருக்க வேண்டும். வாசித்துவிட்டு மேலே படியுங்கள்.

வாசித்தீர்களா? என் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். அந்தப் பாதங்கள் உங்களிடம் இருந்தால், தூள் மேல் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விடச் சொல்லுங்கள். சுண்ணாம்பானால் நுரைக்கும். அச்சுப் பவுடரானால் சும்மா இருக்கும். எட்டாம் வகுப்புப் பாடம். இதைச் சொல்ல எனக்கு ஐந்து மாதம் ஆனது.

குழுவுக்குக் காட்ட, தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன். தலைவர் பேயாண்டியிடமும் சொல்லிவிட்டேன். “எழுத்தைப் படிக்காத ஆளு ஊர்ல யாரு இருக்கா வாத்தியாரே, அதப்போயி மறைச்சீகளா” என்றார். வசுந்தராவுக்கு நாளைக்குத் தனியாக எழுதுகிறேன்.

என் சுகத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அதுதான் ஆச்சரியமாக இருக்கிறது.

உக்கிரபாண்டி


பெங்களூர்,
3.9.2006

மச்சானுக்கு,

எனக்கு அன்றே தெரியும்.

வந்து இறங்கியதும் தூணில் கை வைத்தேன். உள்ளங்கை வெள்ளையானது. வசுந்தரா துணியோடு நின்று, “துடைச்சிரவா சார்?” என்று கேட்டாள். ஆள் உயரத்துக்கு மேல் துடைக்க ஏணி வேண்டும், சாரம் வேண்டும், ஒரு மணி நேரம் வேண்டும். டெல்லிக்காரர்களுக்கு மதியம் மதுரையில் விமானம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். “வேணாம், ஏத்து” என்றேன். அவள் என் பேச்சை நம்பி ஏற்றினாள். பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வளர்ந்த பெண். பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்த்தது அந்த வெள்ளையைத்தான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பவுடர் என்றார்கள், பவுடர் என்றே நினைத்துக்கொண்டாள்.

மார்ச்சில் உங்களுக்கு எழுதினேனே, ‘எதுவானாலும் எழுதுங்கள்’ என்று. நீங்கள் சொன்னால் நானும் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை என்று பதில் வந்தது. உங்களைக் காப்பாற்றத்தான் கையெழுத்துப் போடுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மச்சானுக்காக என்று சொன்னால் எதையும் செய்யலாம் போலிருக்கிறது. உண்மையில் நிம்மதியாகத்தான் இருந்தது.

உங்கள் கடிதத்தையும் என் வாக்குமூலத்தையும் இயக்குநரிடம் கொடுத்தேன். அவர் முன்னால் மூன்று பாதங்களில் எலுமிச்சைச் சாறு விட்டோம். மூன்றும் நுரைத்தன. அறிக்கை திருத்தப்பட்டது. ‘கவனக்குறைவு’ என்ற சொல் அப்படியே இருக்கிறது, பெயர்தான் மாறியிருக்கிறது. பல்லியை இனி வேறொருவர் பார்ப்பார். வசுந்தராவுக்குச் சான்றிதழும், திரும்பி வரச் சொல்லி ஒரு கடிதமும் போயிருக்கின்றன.

ரோகிணியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். நம் இருவரிடமும் அவள் பேசுவதில்லை. இனி கார்டு மிச்சம்.

தங்கப்பாண்டி


செல்லூர், மதுரை,
9.10.2006

மரியாதைக்குரிய சாருக்கு,

வசுந்தரா வணக்கம். அப்பாவும் அம்மாவும் நலமாக இருக்கிறார்கள். உங்கள் வீட்டு அம்மாவுக்கு முழங்கால் வலி என்று தங்கப்பாண்டி சார் சொல்வார், இப்போது தேவலையா?

உங்கள் கடிதம் ஆகஸ்டிலேயே கிடைத்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபம் இல்லை. சான்றிதழும் வந்தது. அப்பா மூன்று தடவை வாசித்துவிட்டுப் பீரோவில் வைத்தார். காலுக்குப் பாதம் செய்யும் பட்டறையில் ஜூலையிலேயே வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் கேட்டுப் பார் என்றார்கள், கேட்பேன். பெங்களூருக்குத் திரும்பப் போகவில்லை. அங்கே எல்லாரும் என்னிடம் மிகவும் நல்லபடியாக நடந்துகொள்வார்கள். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் வாத்தியார், அதனால் கேட்கிறேன்.

மார்ச்சில் என்னை விசாரித்தபோது, கழுவினேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். தினமும் கேட்டார்கள். ஏப்ரலில் ‘கழுவியிருப்பேன்’ என்றேன். ஊருக்கு வந்த பிறகு மே மாதத்தில் ஒரு நாள், அறுந்த இழைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது, எனக்கே ஞாபகம் வந்துவிட்டது. அன்று மூன்றாவது தடவை அலசும்போது குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. யாரும் பார்க்கவில்லை. போதும் என்று துடைத்து எடுத்து வைத்துவிட்டேன். ஓடிப்போய் அப்பாவிடம் அழுதேன். “ஒத்துக்கிட்டல்ல, விடும்மா” என்றார். அதற்கப்புறம்தான் எனக்குத் தூக்கம் வந்தது. நீங்கள் வந்தபோது மன்னிப்புக் கேட்டதும் அதனால்தான். பொய்யாகக் கேட்கவில்லை.

இப்போது நீங்களும் தங்கப்பாண்டி சாரும் எழுதியதை வாசித்தேன். நுரைத்தது என்றால் சுண்ணாம்புதான். நான் கழுவியிருக்கிறேன். அது புரிகிறது.

ஆனால் அந்தக் குழாய் இன்னும் கண்ணில் இருக்கிறது சார். கடைசிச் சொட்டு விழுந்து நின்றதுகூடத் தெரிகிறது. பாதத்தைத் துடைத்த துணி என்ன நிறம் என்று கேட்டால் சொல்வேன். நடக்காததை எப்படி மறப்பது என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஜ. வசுந்தரா